பூட்டாத அறிவு



நம் பாட்டன் பாட்டிமார் சீவிய ரப்பர் மரம் இந்த மண்ணில் தோன்றியதன்று. 1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளைக் கப்பலேற்றினார். அவற்றில் முளைத்த கன்றுகள் சில, மறு ஆண்டே நம் பேராக்கிலுள்ள கோலகங்சாருக்கு வந்தன. பள்ளியில் நாங்கள் இதைச் சொன்னால், "அது திருட்டு இல்லையா, சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்று அதைத் தடுக்கச் சட்டம் இருக்கவில்லை.

இன்று புதியதொன்றைக் கண்டவர் காப்புரிமை பெறுகிறார். காப்புரிமை என்றால் என்ன? கண்டதை விளக்கி அரசிடம் பதிந்தால், பொதுவாக 20 ஆண்டுகளுக்கு அவர் சம்மதமின்றிப் பிறர் அதைச் செய்து விற்கக் கூடாது. உழைத்தவருக்கு இது நியாயமே. ஆனால் ஆபத்து உலகத்துக்கே பொதுவாக இருந்தால்?

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியையே பாருங்கள். முன்பு அதிலிருந்த சி.எப்.சி. வாயு, சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரித்தது. அதைக் குறைக்க 1987-இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் உடன்பட்டன. மாற்று நுட்பமோ பணக்கார நாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. பணமும் நுட்பமும் தராமல் எப்படி மாறுவது என்று இந்தியாவும் சீனாவும் வாதாடின. 1990-இல் இலண்டனில் பொது நிதி ஒன்று அமைந்தது. நம் நாடும் அதனால் பயனடைந்தது.

ஆயினும் எச்.எப்.சி. 134ஏ என்ற மாற்று வாயுவைத் தாமே செய்ய விரும்பிய இந்திய நிறுவனங்களுக்கு அந்த நுட்பம் எளிதில் கிடைக்கவில்லை. அந்த வாயுவிலும் குறை உண்டு. அது ஓசோனைக் கெடுக்காது; ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

இதற்கிடையே ஜெர்மனியில் கிரீன்பீஸ் அமைப்பு, ஓர் ஆலையுடன் சேர்ந்து வேறு வழி கண்டது. சமையல் வாயுவுக்கு உறவான ஐசோபியூட்டேன் போன்ற வாயுக்களில் ஓடும் பெட்டி 1993-இல் விற்பனைக்கு வந்தது. கிரீன்பீஸ் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. யாரும் செய்யலாம் என்று விட்டுவிட்டது. சீனத்து ஆலைகள் செய்தன. இந்தியாவில் கோத்ரெஜ் செய்தது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் அவ்வகைப் பெட்டிகள் ஓடுகின்றன.

குனோங் ராபாட்டிலுள்ள உங்கள் வீட்டுப் பெட்டியின் தகட்டையும் படித்துப் பாருங்கள். 'ஆர் 600ஏ' என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன். தீப்பற்றும் வாயு, பழுது வந்தால் பயிற்சி பெற்றவரையே அழையுங்கள். 'ஆர் 134ஏ' என்றிருந்தால், பழையதாகி எறியும்போது குழாயை உடைத்து வாயுவை வெளியே விடாதீர்கள்.

சூரிய மின்தகடு, மின்கலம் ஆகியவற்றிலும் இதே வழக்கு இன்று நடக்கிறது. நம் பிள்ளைகள் அதை அறிந்து வளரட்டும்.