கீஸர் மக்கர் பண்ணுதா பாஸ்?

70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலை செம்மேட்டுல ஃப்ரெண்டு வீட்டுல டேரா. மார்கழிக் குளிர்ல பல்லு தந்தியடிக்குது. தலைக்கு ஷாம்பு போட்ட நேரம் பார்த்து கேஸ் கீஸர் மக்கர்! டென்ஷன் ஆகாதீங்க.

குழாயைத் திறந்ததும் ‘டிக் டிக்’ சத்தம் வரலையா? பேட்டரி வீக்கா இருக்கலாம். பல மாடல்கள்ல தீப்பொறி கொடுக்கறது இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிதான். புதுசு போட்டும் பலனில்லைன்னா, தண்ணி வேகம் குறைவா இருக்கலாம். கேஸையும் தண்ணியையும் மூடிட்டு, கீஸருக்குள்ள தண்ணி நுழையற இடத்துல இருக்கற சல்லடையைக் கழுவுங்க. மண்ணும் துருவும் அங்கேதான் அடைச்சிருக்கும். சத்தம் வந்தும் தீ பிடிக்கலையா? சிலிண்டர் காலியான்னு பாருங்க.

ஆனா, ஒரு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. தீ நீலமா எரியணும். மஞ்சளா எரிஞ்சா உடனே அணைச்சுட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. கேஸ் சரியா எரியாதப்போ கார்பன் மோனாக்ஸைடு உருவாகும். அதுக்கு வாசனை, நிறம் எதுவும் கிடையாது. குளிருதுன்னு ஜன்னலை அடைச்ச பாத்ரூம்ல, சத்தமில்லாம ஆளையே சாய்ச்சுடும். தலைவலி, கிறுகிறுப்பு வந்தா குளியலை விட்டுட்டு உடனே வெளியே வந்துடுங்க. கீஸரை பாத்ரூமுக்கு வெளியே, காத்தோட்டமான இடத்துல மாட்டறதுதான் சேஃப்.

பச்சைத்தண்ணில குளிச்சா நடுக்கம் பத்து நிமிஷத்துல போயிடும். போன உயிர் திரும்பி வருமா?