விமானி உரிமம்: வானில் ஏறுமுன் எழுத வேண்டிய தாள்கள்

விமானிப் பயிற்சிக்குக் கல்விக்கடன் நாடி வரும் பெற்றோர் நம்மிடம் முதலில் கேட்பது, எவ்வளவு தொகை கிடைக்கும் என்பதையே. எத்தனை தேர்வுகள் எழுத வேண்டும் என்று கேட்போர் மிகச் சிலர். ஆனால் பயிற்சிக்காலம் நீள்வதும் சுருங்குவதும் பெரும்பாலும் அத்தேர்வுகளைப் பொறுத்தே அமைகின்றன.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்தை வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். விண்ணப்பதாரர் 18 வயது நிரம்பியவராகவும், 200 மணி நேரம் பறந்தவராகவும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். ஏர் நேவிகேஷன், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிகள், தொழில்நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. வானொலித் தொடர்புக்கான சான்றிதழ் தனி. கொள்குறி வினாக்கள்தாம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு தாளிலும் 70 விழுக்காடு பெற்றாக வேண்டும். பள்ளித் தேர்வுகளில் 35 மதிப்பெண்ணுக்குப் பழகியவர்களுக்கு இது சற்றுக் கடுமையாகவே தோன்றும்.

மாணவர் பலரைத் தயங்கவைப்பது நேவிகேஷன். அதன் அடிப்படையோ எளிய கணக்கு. 60 கடல் மைல் பறந்த பின் விமானம் பாதையிலிருந்து 1 மைல் விலகியிருந்தால், திசைப்பிழை ஏறத்தாழ 1 பாகை. 3 மைல் விலகியிருந்தால் 3 பாகை. சேருமிடம் இன்னும் 60 மைல் தொலைவில் இருப்பின், 3 பாகை திருப்பினால் மட்டும் போதாது. விமானம் சரியான பாதைக்கு இணையாகவே செல்லும். மேலும் 3 பாகை சேர்த்து, மொத்தம் 6 பாகை திருப்பினால்தான் ஊர் வந்து சேரும். இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர் வினாவைச் சற்று மாற்றிக் கேட்டாலே தடுமாறுவார். படம் வரைந்து புரிந்துகொண்டவர் தடுமாறமாட்டார்.

வானிலையியலும் அவ்வாறே. உயரமானி உண்மையில் அளப்பது காற்றழுத்தத்தை. 1010 ஹெக்டோபாஸ்கல் அழுத்தமுள்ள இடத்தில் புறப்பட்ட விமானி, மழைக்காலக் காற்றழுத்தத் தாழ்வினால் 1000 ஆகக் குறைந்துள்ள நிலையத்தை நெருங்குகிறார் எனக் கொள்வோம். கருவியின் அமைப்பை மாற்ற மறந்தால், அது உண்மையைவிட ஏறக்குறைய 300 அடி அதிகமாகக் காட்டும். மேகத்துக்குள் இறங்கும்போது அந்த 300 அடி என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தொழில்நுட்பத் தாளில் வரும் காற்றடர்த்தியும் வெறும் ஏட்டுப்பாடம் அன்று. 10,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள லே நிலையத்தில் காற்று மெல்லியது. வெயில் ஏற ஏற இறக்கையின் தூக்குவிசையும் இயந்திரத்தின் ஆற்றலும் குறையும். அங்கு விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிப் பணத்துக்கு வருவோம். எமது கருத்தில் மருத்துவப் பரிசோதனையே முதற்படி. பார்வையிலோ இதயத்திலோ தடை இருப்பது, கட்டணம் செலுத்திய பின் தெரியவருவது பெருந்துயரம். அடுத்து, தேர்வெழுதத் தேவையான கணினி எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். கல்விச் சான்றுகள் சரிபார்க்கப்பட்ட பின்னரே அது வழங்கப்படும் என்பதால் தாமதம் கூடாது. இயன்றவரை எழுத்துத் தேர்வுகளை முடித்த பின் பறக்கும் பயிற்சியைத் தொடங்குவது நலம். புத்தகத்துக்கு ஆகும் செலவு சிறிது. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆகும் செலவு பெரிது. பயிற்சி நிலையம் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டால், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுவது அவசியம்.

கடன் தவணைகளாக வழங்கப்படும்போது, வழங்கிய தொகைக்கு மட்டுமே வட்டி கணக்கிடப்படுகிறது. படிப்புக்காலத்திலும் அவ்வட்டி சேர்ந்துகொண்டே வரும். ஆகவே தேர்வு தேறும் வேகத்துக்கேற்பத் தவணையைக் கோருவோருக்குச் சுமை குறையும். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், செலுத்தும் வட்டிக்கு 8 ஆண்டுகள் வரை விலக்குப் பெறலாம். அசலுக்கு இச்சலுகை இல்லை.