கண்வில்லைப் பெட்டியில் குடியிருக்கும் கிருமிகள்

காண்டாக்ட் லென்ஸ் எனும் கண்வில்லையை இரவில் கழற்றிக் கிருமிகொல்லி நீரில் இடுகின்றனர். அந்நீரிலேயே கிருமி வாழ்கின்றது என்றால் வியப்பாக இருக்கலாம்; உண்மை அதுவே.

இந்நீருக்கான பன்னாட்டுத் தரச்சோதனையில் ஆயிரம் பாக்டீரியாவுக்கு 999 மடிதல் வேண்டும். பூஞ்சையாயின் பத்தில் ஒன்பது போதுமாம்! அச்சோதனைக் கிருமிகளோ நீரில் தனித்து மிதப்பவை. பெட்டியில் வாழ்பவை அப்படியல்ல. சுவரில் ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசைப்படலம் சுரந்து, அதனுள் கூட்டமாய் உறைகின்றன. மருந்து அப்படலத்தில் ஊறி உட்புகுமுன் வீரியம் குன்றிவிடுகின்றது. இவற்றுள் சூடோமோனாஸ் கொடியது. கருவிழியைப் புண்ணாக்கினால் ஓரிரு நாளிலேயே பார்வைக்குக் கேடு விளையக்கூடும்.

பழைய நீரைக் கொட்டாமல் அதன்மேல் புதுநீர் ஊற்றுவோர் உளர். இது சிக்கனம் அன்று. நீர்த்துப்போன மருந்து கிருமியைக் கொல்வதில்லை; தன்னைத் தாங்கிக்கொள்ளப் பழக்கிவிடுகின்றது. சிங்கப்பூரில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் கண்வில்லை அணிந்தோர் பலரைத் தாக்கியது ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை. அதனோடு தொடர்புற்ற கரைசல் ஒன்று 2006 மே மாதம் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

பசைப்படலத்தை அகற்ற விரலே சிறந்த கருவி. கையைக் கழுவி ஈரம் துடைத்தபின் வில்லையைத் தேய்த்து அலசுக. பெட்டியையும் புதுக்கரைசலால் தேய்த்து அலசி, கவிழ்த்து உலர்த்துக, குழாய்நீர் கூடாது. மூன்று மாதத்திற்கொருமுறையேனும் பெட்டியை மாற்றுக.