கடல் துழாவிகள் – 9: பாதாளக்கரண்டி எட்டாத ஆழம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக்கரண்டியைக் கட்டி இறக்குவார்கள். கொக்கிகள் துழாவும், ஏதாவது மாட்டினால் கயிறு கனக்கும், கைக்குத் தெரிந்துவிடும். கிணற்றுக்குச் சுவர் இருப்பதால்தான் அந்த வித்தை பலிக்கிறது. கடலுக்கு ஏது சுவர்? கடலில் விழுந்த விமானத்தைத் தூக்குவதைவிட, அது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு.

2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் இரவு திரும்பும் வழியில் காணாமல் போனது. உள்ளே மூன்று பேர். கடைசியாக ராடாரில் தெரிந்த இடம் காரைக்கால் பக்கத்துக் கடல். விமானத்தில் ஒரு சிறு ஒலிக்கருவி இருந்தது. தண்ணீர் பட்டதும் தானே விழித்து, நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று அடிக்கும். 37.5 கிலோஹெர்ட்ஸ், மனிதக் காதுக்குக் கேட்காது. பேட்டரி ஏறத்தாழ முப்பது நாள்தான் தாங்கும். அது அடங்குவதற்குள் சிந்துத்வஜ் நீர்மூழ்கி அந்தத் துடிப்பைப் பிடித்துவிட்டது. பிறகு ரிலையன்ஸ் கொடுத்துதவிய 'ஒலிம்பிக் கேன்யன்' கப்பலிலிருந்து இயந்திரக் கைகள் கொண்ட ஆளில்லாக் கலத்தை இறக்கினார்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஜூலையில் பதிவுப்பெட்டி மேலே வந்தது. இப்படி எடுக்கும் பெட்டியைத் துடைத்துக் காயவைக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் மூழ்கவைத்தே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். உப்போடு காற்றும் சேர்ந்தால் அரிப்பு வேகமெடுக்கும்.

ஆழம் குறைவென்றால் முக்குளிப்போரே போதும். இறக்கையின் அடிப்பகுதியில் பட்டைகளைக் கட்டி, காற்றுப் பைகளை ஊதுவார்கள். ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ ஒரு டன்னைத் தூக்கும். ஆபத்தும் அந்தக் காற்றில்தான். பத்து மீட்டர் ஆழத்தில் நிரப்பிய காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காகப் பெருகும். மிகுதி வெளியேற வழி வைக்காவிட்டால் பை கட்டுக்கடங்காமல் பாயும். மேல்மட்டத்துக்கு வந்த பின்னும் அவசரப்படக் கூடாது. உடலுக்குள் இருக்கும் தண்ணீரை மெல்ல வடியவிட வேண்டும். இல்லையேல் அந்தக் கனமே மெல்லிய அலுமினிய உடலை முறித்துவிடும்.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 கதை வேறு. தண்ணீருக்கடியில் ஒலிக்கும் கருவி அதில் இல்லை. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின; ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கிக் கலம் எடுத்த சோனார் பதிவுகளிலும் படங்களிலும் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தெரிந்தன.

அவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்க முடியாதா? முடியும். 2022 ஜனவரியில் தென்சீனக் கடலில் விழுந்த அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானம் இதைவிட ஆழத்தில், ஏறத்தாழ 3,780 மீட்டரில், கிடந்தது. ஆளில்லாக் கலம் போய் அதில் கயிறுகளைப் பிணைத்தது. கப்பலின் பாரந்தூக்கி கொக்கியை இறக்கி, மார்ச் தொடக்கத்திலேயே தூக்கிவிட்டது. வேற்று நாட்டார் கையில் சிக்கிவிடுமோ என்ற அச்சம் ஒரு பக்கம் விரட்டியது, பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, அது விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறங்கும்போது மோதி, மாலுமிகளின் கண்ணெதிரே கடலில் விழுந்தது. எங்கே தேடுவது என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை.