ஸ்போர்ட் ரிம் மாற்றப் போகிறீர்களா?

ரெங்கத்திலிருந்து குளுவாங்கிற்கோ லாயாங் லாயாங்கிற்கோ தினமும் கார் ஓட்டுபவர்களுக்குச் சாலை எங்கெங்கே உடைந்திருக்கிறது என்பது மனப்பாடம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் வட்டாரம் இது. அடைமழையில் தார் பெயர்ந்து, குழியில் தண்ணீரும் நின்றுவிட்டால் அதன் ஆழம் யாருக்கும் தெரியாது. வேகமாக வந்து அதில் இறங்கினால் ரிம் வளையும். சில வேளை விரிசலே விடும். அப்பாவின் பழைய மைவியிலோ எக்ஸியாவிலோ கல்லூரிக்குப் போய்வரும் மாணவர், அதன் பிறகுதான் "இதைவிட வலுவான ஸ்போர்ட் ரிம் எது?" என்று கடை கடையாக விசாரிக்கத் தொடங்குகிறார்.

நல்ல கேள்விதான். ஆனால் ரிம்மைப் பார்க்கும் முன் டயரைப் பாருங்கள்.

படிவம் 4 இயற்பியலில் 'இம்புல்ஸ்' படித்திருப்பீர்கள். மோதல் நடக்கும் நேரம் கூடினால் தாக்கும் விசை குறையும். குழியில் விழும்போது அந்த நேரத்தை நீட்டித் தருவது டயரின் பக்கச்சுவர். ஒரு சின்னக் கணக்கு: 175/65ஆர்14 என்று எழுதியிருந்தால், 175 மில்லிமீட்டர் அகலத்தில் 65 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். அதாவது ஏறக்குறைய 114 மில்லிமீட்டர். 185/55ஆர்15 டயரில் அது 102. பலரும் ஆசைப்படும் 195/45ஆர்16 டயரில் வெறும் 88. சக்கரத்தின் மொத்த விட்டத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றும் 582 முதல் 585 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். "மீட்டர் மாறாது, பயப்படாதே தம்பி" என்று கடைக்காரர் சொல்வது இதனால்தான். அவர் சொல்வது உண்மையே. ஆனால் 14 அங்குலத்திலிருந்து 16க்குப் போனால், குழிக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பரில் 26 மில்லிமீட்டர் காணாமல் போகிறது.

வலு வேண்டும் என்றால், தோட்டப்புறச் சாலையில் ஓடும் சிறிய காருக்கு 14 அங்குலமே நல்லது; மிஞ்சினால் 15. பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து உலோகம். கடைகளில் தொங்கும் ரிம்களில் பெரும்பாலானவை வார்ப்பு ரிம்கள். அலுமினியத்துடன் சுமார் 7 விழுக்காடு சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்து உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். உறையும்போது உள்ளே நுண்ணிய துளைகள் தங்கிவிடலாம். விரிசல் அங்கிருந்தும் கிளம்பும். ஃபோர்ஜ்டு ரிம் அப்படியல்ல. திடக் கட்டியை பேரழுத்தத்தில் நசுக்கி உருவாக்குவதால் அது எடை குறைவாகவும் வலுவாகவும் இருக்கும். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஃப்ளோ ஃபார்மிங். வார்த்த ரிம்மின் வெளி வளையத்தைச் சூடாக்கி, உருளைகளால் அழுத்தி இழுப்பார்கள். சாதாரண இரும்பு ரிம்மை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். அது எடை கூடியது. ஆனால் அடிபட்டால் பெரும்பாலும் உடையாமல் நெளியும்.

ரிம்மைத் திருப்பிப் பார்த்தால் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற எழுத்துகள் இருக்கும். முதலாவது, ஜப்பானியத் தரத்தை எட்டிவிட்டதாகத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. இரண்டாவது, வேறோர் அமைப்பு சோதித்ததற்கான அடையாளம். இரண்டும் இருப்பது நல்லது. ஆனால் எழுத்தை எவரும் அச்சில் வார்த்துவிடலாம், ஆகவே பெயர் தெரிந்த தயாரிப்பாளரா என்பதையும் பாருங்கள்.

சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? ஐஎஸ்ஓ 7141 முறையில், டயர் மாட்டிய சக்கரத்தை 13 பாகை சாய்த்து வைத்து, 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து ஓர் எடையை அதன் மேல் விழச் செய்கிறார்கள். அந்த எடை, சக்கரம் தாங்கும் உச்சச் சுமையில் 0.6 பங்குடன் 180 கிலோவைக் கூட்டினால் வருவது. 475 கிலோ தாங்கும் ரிம் என்றால் 465 கிலோ! அடிபட்ட ரிம் நெளியலாம். நடுப்பகுதி பிளக்கக் கூடாது, ஒரு நிமிடத்திற்குள் காற்று முழுவதும் இறங்கிவிடவும் கூடாது. தாங்கும் சுமை ரிம்மின் பின்புறம் பொறிக்கப்பட்டிருக்கும். டயரில் 82 என்ற குறியீடு இருந்தால் அது 475 கிலோவைத் தாங்கும் என்று பொருள். ரிம்மின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

கையில் பணம் குறைவு என்பதால் பல மாணவர்கள் பழைய ரிம்மைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை, ஒட்டுப் போட்ட ரிம்மாக இல்லாத வரை. விரிசலை வெல்டிங் செய்து பெயிண்ட் அடித்துவிட்டால் முன்பக்கம் புதிதாகவே தெரியும். ஆனால் வெல்டிங் சூட்டில், தொழிற்சாலையில் வெப்பமூட்டிப் பதப்படுத்தியதால் வந்த வலு அந்த இடத்தில் போய்விடுகிறது. உட்புறத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தள்ளாடினால் அங்கேயே தெரிந்துவிடும்.

மைவிக்கும் ஹோண்டா ஜாஸுக்கும் நான்கு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம்தான். ஆனால் நடுத்துளை மைவிக்கு 54.1, ஜாஸுக்கு 56.1. ஜாஸின் ரிம்மை மைவியில் மாட்டினால் 2 மில்லிமீட்டர் இடைவெளி விழும். அதற்கென்று விற்கும் வளையத்தைப் போடாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம். நட்டின் அடிப்பாகம் கூம்பா, உருண்டையா என்பதும் ரிம்முக்குப் பொருந்த வேண்டும்.

மாட்டி முடித்ததும் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு நட்டுகளை டார்க் ரெஞ்சில் முடுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே கடையில் இன்னொரு முறை.