தந்த நிறமா, சந்தன நிறமா?

பருவமழை ஓய்ந்து தீபாவளி நெருங்குகையில், மும்பைத் தமிழர் இல்லங்களில் வண்ணம் பூசும் பேச்சு எழுகிறது. தந்த நிறமும் இளஞ்சந்தன நிறமும் நிற அட்டையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். சுவரில் அவை வேறுபடுவதற்கு அறையின் வெளிச்சமே காரணம்.

தந்த நிறத்தில் மஞ்சள் சாயல் குறைவு. ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். தாராவியின் குறுகிய சந்துகளில், பகலிலும் விளக்கெரியும் ஒற்றைச் சன்னல் அறைக்கு இதுவே ஏற்றது; அங்கே சந்தன நிறம் மங்கித் தெரியும். மாட்டுங்காவின் பழைய குடியிருப்புகளில் சன்னலையொட்டிய மரங்களின் பசுஞ்சாயல் சுவரில் படிவதுண்டு; அதனை இளஞ்சந்தனத்தின் கதகதப்பு ஈடுசெய்யும். செம்பூரில் மேற்கு நோக்கிய அறையெனில், மாலை வெயிலில் சந்தனம் அடர்மஞ்சளாகத் தோன்றும்; தந்தமே நன்று.

விளக்கும் நிறத்தை மாற்றும். 2,700 கெல்வின் மஞ்சளொளி இரண்டையும் அடர்த்தியாகக் காட்டும்; 6,500 கெல்வின் வெள்ளொளி அவற்றின் இதத்தைக் குறைக்கும்.

பூசிய நிறம் பிடிக்காவிடில், வண்ணத்திற்கும் கூலிக்கும் மீண்டும் செலவிட நேரும். ஆகவே இரு நிறங்களிலும் சிறிய டப்பா ஒன்று வாங்குவோம். மழையில் ஊறிய சுவர் நன்கு உலர்ந்தபின், சன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் பக்கச்சுவரிலும் இரண்டடிச் சதுரமாக, இருமுறை பூசிப் பார்ப்போம். காலை, நண்பகல், விளக்கேற்றிய இரவு ஆகிய மூவேளையும் நோக்கிய பின்னரே முழு அறைக்கும் வாங்குவோம். சிறுதொகையில் செய்யும் இச்சோதனை, நம் சேமிப்பைக் காக்கும்.