ரத்த ரிப்போர்ட்டில் ஒளிந்திருக்கும் பரம்பரைக் கணக்கு!

குற்றாலத்தில் சாரல் சீசன் களைகட்டும்போது சளி, காய்ச்சலும் கூடவே எட்டிப்பார்க்கும். காய்ச்சல் விடவில்லையென்றால் தென்காசியோ, சென்னையோ, டாக்டர் எழுதித் தருவது 'சிபிசி' ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், வெள்ளை அணுக்கள், தட்டணுக்கள் என்று ரிப்போர்ட் முழுக்க எண்கள். நோயும் சாப்பாடும் வயதும் அந்த எண்களை மாற்றும். அப்பா, அம்மா வழியாக வந்த மரபணுக்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் துறைதான் புள்ளியியல் மரபியல்.

லட்சம் பேரில் ஒரு தேடல்

லட்சக்கணக்கானோரின் ரத்த எண்களையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, எந்த மாற்றம் இருப்பவர்களுக்கு எந்த எண் கூடுகிறது, குறைகிறது என்று பார்ப்பார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, 1,73,480 பேரிடம் 36 வகை ரத்த அளவுகளோடு தொடர்புள்ள 2,706 மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தது. ஆனால், அவர்கள் அனைவரும் ஐரோப்பிய வம்சாவளியினர். 2020-ல் மற்ற வம்சாவளியினரையும் சேர்த்து 7.46 லட்சம் பேரை ஆராய்ந்தபோது, லிம்போசைட் அணுக்களைக் கூட்டும் ஒரு மாற்றம் தெற்காசியர்களிடம் தெரியவந்தது. நம்மவர்களை எண்ணினால்தான் நம் ரத்தத்தின் குணம் புரியும். 'ஜீனோம் இந்தியா' திட்டம் 83 சமூகக் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்திருப்பதும் அதற்காகத்தான்.

நீலகிரி சொன்ன செய்தி

குற்றால மலை இருக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடக்கே நீலகிரி. அங்குள்ள பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் மரபணு இருப்பதை 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்த மரபணு பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் தரும். இருவரிடமிருந்தும் வந்தால் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, ரத்தக் குழாயை அடைத்து, தாங்க முடியாத வலியைத் தரும்.

இந்த நோய்க்கு வழி காட்டியதும் கணக்குதான். கருவில் இருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அது குறைந்துவிடும். சிலருக்கு மட்டும் பெரியவர்களான பிறகும் கொஞ்சம் அதிகமாகவே தங்கும். அப்படிப்பட்ட நோயாளிகளுக்குத் துன்பம் குறைவு. ஏன் இந்த வித்தியாசம் என்று ஆரோக்கியமானவர்களின் டி.என்.ஏ.வில் தேடியபோது, 2007-ல் 'பிசிஎல்11ஏ' என்ற மரபணு சிக்கியது. கரு ஹீமோகுளோபினை அணைக்கும் சுவிட்ச் அதுதான் என்பதை 2008-ல் ஹார்வர்டில் விஜய் சங்கரனும், ஸ்டூவர்ட் ஆர்க்கினும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். சங்கரன் அப்போது ஆராய்ச்சி மாணவர். அந்தச் சுவிட்சைத் தளர்த்தும் 'காஸ்ஜெவி' சிகிச்சைக்கு 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்!

நம் வீட்டுக்கு என்ன?

அவ்வளவு செலவில்லாத வழி, முன்கூட்டியே தெரிந்துகொள்வது. இந்தியாவில் 2023 ஜூலையில் தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கு கொண்டது.

தலசீமியாவும் இதே வழியில்தான் பரம்பரையாக வரும். கணவன், மனைவி இருவரும் ஒரே நோயின் மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவிகித வாய்ப்பு. முதல் குழந்தை தப்பித்தாலும் அடுத்த குழந்தைக்கும் அதே 25 சதவிகிதம்தான். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் முடிக்கும்போது, இருவரிடமும் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

ரிப்போர்ட்டில் 'எம்சிவி' என்ற வரியைப் பாருங்கள். சிவப்பணுவின் சராசரி அளவு அது. குறைவாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம். இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லையென்றால், தலசீமியா மரபணு இருக்கக்கூடும். அப்போது டாக்டரிடம் 'ஹெச்.பி.எல்.சி' பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சிக்கிள் செல் மரபணுவும் இதில் தெரியும்.

மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்ல; கல்யாணத்துக்கு அது தடையும் அல்ல. முன்பே தெரிந்தால், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருத்துவ ஆலோசனை பெறலாம். பொருத்தம் பார்க்கும் வீடுகளில் இந்த ஒரு ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.